இரவல் கொடுத்த கூரை

கோபவோகுர், பிப்ரவரி 2007

அன்புள்ள அக்கா,

மகிழ்ந்தும் ஆசி பெற்றும் இரு. நாங்கள் இருவரும் நலம். நீ அனுப்பிய உலர்மீன் வந்து சேர்ந்தது. வெண்ணெய் தடவி வேனிலேயே பாதியைத் தின்றுவிட்டேன். வர்ண டப்பா நாற்றத்தையே அமுக்கிவிட்டது. உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? நீச்சல் குளத்து வேலையில் நாள் முழுக்க ஈரத்தில் நிற்காதே.

இதை ஃபோனில் கேட்டிருக்கலாம். ஆனால் விடுதிப் பள்ளி நாளிலிருந்து நாம் உருப்படியாகப் பேசியதெல்லாம் காகிதத்தில்தான். ஃபோனில் காற்று எப்படி, பனி எப்படி என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறோம்.

விஷயம் வீட்டுக் கடன். மாதம் தவறாமல் கட்டுகிறோம். ஆனால் இந்த நாட்டுக் கடன்தான் உனக்குத் தெரியுமே, விலைவாசி ஏறினால் அசலும் கூடவே ஏறும். பால் விலை ஏறினால் என் கடனும் ஏறுகிறது. மூன்று வருஷம் கட்டிய பிறகு வாங்கியதைவிட அதிகம் பாக்கி நிற்கிறது. வங்கியில் ஒரு பையன், நல்ல சட்டை போட்டவன், சொல்கிறான்: "இன்னுமா அண்ணே நம்ம குரோனாவுல கடன் வச்சிருக்கீங்க? அதை அடைச்சிட்டு யென்னுல புதுசா வாங்குங்க. வட்டி பாதிகூட வராது." என் கூட வேலை செய்கிற எல்லோரும் மாற்றிவிட்டார்கள்.

புதுக் கடன் கொஞ்சம் பெரியது, புது வேனுக்கும் சேர்த்து. எங்கள் வீடு மட்டும் ஈடாகப் போதாதாம். உன் வீட்டை இரவல் அடமானமாகக் கொடுப்பாயா? அப்பா அன்று மாமாவின் படகுக்காக வீட்டை ஈடு கொடுத்த மாதிரிதான். காகிதத்தில் மட்டும். பிரின்டிஸ் இரவில் சரியாகத் தூங்கி நாளாகிறது. "அக்காகிட்ட கேளுங்க" என்று அவள்தான் நச்சரிக்கிறாள். பெண்டாட்டி சொல் தட்டாத கணவன் என்று என்னைப் பார்த்துச் சிரிக்காதே.

கோடையில் வந்து உன் கூரைக்கு வர்ணம் அடித்துத் தருகிறேன். ஊரார் கூரைக்கெல்லாம் அடிப்பவன் அக்கா கூரையைத் துருப்பிடிக்க விட்டது வெட்கமாக இருக்கிறது.

கடவுள் உன்னைக் காக்கட்டும்.
உன் தம்பி ஸ்டெயினார்


திங்கேரி, மார்ச் 2007

அன்புள்ள தம்பி,

மகிழ்ந்தும் ஆசி பெற்றும் இரு. முட்டி இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் போவதாக இல்லை. இரண்டு நாளாக மலைப் பாதை மூடிக் கிடந்தது. தபால் இன்றுதான் போகிறது.

உன் யென் கதை எனக்குப் புதிதில்லை. இங்கே குளத்து வெந்நீர்த் தொட்டியில் தினமும் அதுதான் பேச்சு. நான் துண்டு மடித்துக்கொண்டே கேட்கிறேன். மீன்பிடிக்கிற குத்யோன் கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்து, "ஜப்பானுக்கு நம்மள்ல யாராச்சும் போயிருக்கோமா? இல்ல. ஆனா ஊர்ல பாதிப் பேரு ஜப்பான்காரனுக்குக் கடன்காரன். என் டிராக்டரே யென்னுலதான் ஓடுது" என்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும்தான்.

ஆனால் தம்பி, குரோனா விழுந்தால் என்ன ஆகும்? நீ குரோனாவில் சம்பாதித்து யென்னில் கடன் கட்டுகிறாய். இதை அந்தச் சட்டைக்காரப் பையனிடம் கேட்டாயா? நீ கட்டாமல் போனால் என்னிடம் வருவார்களா? அதையும் கேள். அப்பா படகை உனக்கும் வீட்டை எனக்கும் கொடுத்தார். படகை விற்று ரெய்க்யாவிக் பக்கம் போனாய், தப்பில்லை, பிழைக்க வேண்டும். ஆனால் இந்த வீட்டைவிட்டால் என்னிடம் இருப்பது இரண்டு முட்டிகள்தான்.

உன்னை நம்பாமல் கேட்கவில்லை. பிரின்டிஸை இரண்டு வரி எழுதச் சொல். அவள் கஷ்டத்தை அவள் வாயால் கேட்டால் எனக்கு மனசு ஒப்பும்.

கோடையில் வா. வர்ணம் அடிக்காவிட்டாலும் வா. ருபார்ப் ஜாம் போன வருஷத்தது இன்னும் இருக்கிறது.

உன் அக்கா ஹால்டோரா


கோபவோகுர், ஏப்ரல் 2007

அன்புள்ள அக்கா,

மகிழ்ந்தும் ஆசி பெற்றும் இரு. இங்கே மழை, வெளிவேலை ஓடவில்லை.

உன் கேள்விகளை அப்படியே கேட்டேன். அவன் சிரித்தான். "குரோனா விழுமா? நம்ம வங்கிகளைப் பார்த்து லண்டன்காரனே வாயைப் பொளக்குறான். கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். அக்காவுக்கு ஒரு ஆபத்தும் இல்லன்னு சொல்லுங்க. நாலஞ்சு வருஷத்துல உங்க வீட்டு விலை ஏறினதும் அவங்க வீட்டை விடுவிச்சிடலாம்." விலை ஏறுவது உண்மைதான் அக்கா. எங்கள் தெருவில் பாரம் தூக்கும் கிரேன்கள்தான் மரத்தைவிட அதிகம்.

பிரின்டிஸுக்குக் கடிதம் எழுத வராது என்பது உனக்குத் தெரியாததா. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சமைத்துவிட்டு வந்தால் கை ஓய்ந்துவிடுகிறது. உனக்கு அன்பு சொல்லச் சொன்னாள்.

பத்திரத்தை இதோடு வைத்திருக்கிறேன். இரண்டு சாட்சிகள் வேண்டும். அவசரமில்லை, ஆனால் மாதக் கடைசிக்குள் வந்தால் நல்லது.

உன் தம்பி


திங்கேரி, மே 2007

அன்புள்ள தம்பி,

மகிழ்ந்தும் ஆசி பெற்றும் இரு.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். குளத்து அலுவலறையில் வைத்துத்தான் போட்டேன். சாட்சிகள் நீச்சல் சொல்லித்தரும் வாத்தியாரும் நம் பாதிரியாரும். பாதிரியார் இடுப்பில் துண்டோடு நின்றுகொண்டு, "எதுக்கும்மா இது?" என்றார். "தம்பிக்கு" என்றேன். "சரி, அப்ப போடு" என்று அவரும் போட்டார். அவர் தலைமுடித் தண்ணீர் இரண்டாம் பக்கத்தில் சொட்டியிருக்கிறது. வங்கியில் கேட்டால் பரிசுத்த நீர் என்று சொல்.

நான் இரண்டு நாள் யோசித்தேன். உனக்காக மட்டும் என்றால் இன்னும் ஒரு மாதம் யோசித்திருப்பேன். நீ சின்ன வயதிலிருந்தே கடன் வாங்கி மிட்டாய் தின்றவன். பிரின்டிஸ் தூங்காமல் கிடக்கிறாள் என்றதும் பேனாவை எடுத்துவிட்டேன். அவளிடம் சொல், இனிமேலாவது தூங்கட்டும்.

மலைகளுக்கு நடுவே நுழைந்த நம் கடலில், ஃப்யோர்டில், சூரியன் இப்போது ராத்திரி வரை நிற்கிறது. கோடைக்கு வா.

உன் அக்கா


கோபவோகுர், டிசம்பர் 2007

அன்புள்ள அக்கா,

கிறிஸ்துமஸ் நல்வாழ்த்துகள். மகிழ்ந்தும் ஆசி பெற்றும் இரு.

கோடையில் வர முடியாமல் போனதற்குத் திட்டாதே. வேலை கழுத்தை நெரிக்கிறது. சுவர் காய்வதற்குள் அடுத்த கட்டடத்துக்காரன் கூப்பிடுகிறான். மாதத் தவணை நிஜமாகவே குறைந்துவிட்டது. வேனுக்குச் செலவானதுபோக மிச்சத்தில் சமையலறையை மாற்றினோம். இழுப்பறைகள் சத்தமில்லாமல் தானாக மூடிக்கொள்கின்றன. நான் சும்மா திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீ அனுப்பிய, நாற்றமெடுக்கப் புளிக்கவைத்த திருக்கை மீனை அந்தப் புதுச் சமையலறையில் வேகவைக்க பிரின்டிஸ் விடவில்லை. கார் நிறுத்துமிடத்தில் ஒரு அடுப்பை வைத்துக் கோட்டு போட்டுக்கொண்டு வேகவைத்தேன். பக்கத்து வீட்டுக்காரன் சாக்கடை வெடித்துவிட்டது என்று நகராட்சிக்கு ஃபோன் செய்துவிட்டான்.

வரும் கோடையில் கட்டாயம் கூரை. பச்சைதானே, அப்பாவின் பச்சை? டப்பா வாங்கி வைத்துவிட்டேன்.

உன் தம்பி


திங்கேரி, அக்டோபர் 2008

அன்புள்ள தம்பி,

மகிழ்ந்தும் ஆசி பெற்றும் இரு. நீங்கள் இருவரும் நலந்தானே? இரண்டு முறை ஃபோன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

பிரதமர் டிவியில் பேசிய அன்று குளத்தில் யாரும் நீந்தவில்லை. தொட்டியில் எட்டுப் பேர் அலுவலறை டிவிக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள். பேச்சின் கடைசியில் கடவுள் இந்த நாட்டை ஆசீர்வதிக்கட்டும் என்றார். "கடவுளைக் கூப்பிட்டுட்டாங்கன்னா கஜானா காலிடா" என்றான் குத்யோன். நாட்டின் பெரிய வங்கிகள் மூன்றும் விழுந்துவிட்டன. குரோனாவும் விழுந்துவிட்டது. யென் என்ன விலை என்று யாரும் இப்போது சத்தமாகக் கேட்பதில்லை.

நான் உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. கையெழுத்து என்னுடையது. எவ்வளவு ஆகியிருக்கிறது என்பதை மட்டும் எழுது. தெரியாமல் இருப்பது தெரிந்துகொள்வதைவிட மோசமாக இருக்கிறது.

குளிர்கால உருளைக்கிழங்கு ஒரு மூட்டை அனுப்புகிறேன். லாரி டிரைவர் உன் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுவார்.

உன் அக்கா


திங்கேரி, ஜனவரி 2009

அன்புள்ள தம்பி,

புத்தாண்டு வாழ்த்துகள். உருளைக்கிழங்கு வந்ததா?

வங்கியிலிருந்து எனக்கே கடிதம் வந்துவிட்டது. உங்கள் வீடு அவர்கள் கைக்குப் போய்விட்டதாம், அதை விற்றாலும் பாதிக் கடனுக்குக்கூடக் காணாதாம், மீதிக்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்று கேட்கிறார்கள். கடன் இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருக்கிறது. நான் அந்தத் தொகையைத் தொட்டியில் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்றில்லை, ஆளுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள்.

ஸ்டெயினார், எனக்குக் கோபம் இல்லை. இருக்கிறது, ஆனால் அது உன் குரலைக் கேட்டால் போய்விடும். கடிதம் எழுத முடியாவிட்டால் ஒரு வெற்றுத் தாளையாவது உறைக்குள் போட்டு அனுப்பு. இருக்கிறாய் என்று தெரிந்துகொள்வேன். முடிந்தால் வா. சாப்பாட்டுக்கு நம்மிடம் மீன் இருக்கிறது.

உன் அக்கா


ரெய்க்யாவிக், பிப்ரவரி 2009

அன்புள்ள ஹால்டோரா அக்கா,

மகிழ்ந்தும் ஆசி பெற்றும் இருங்கள். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் என் அம்மா வீட்டில் இருக்கிறேன். உங்கள் இரண்டு கடிதங்களும் பழைய முகவரிக்குப் போய் இப்போதுதான் என் கைக்கு வந்தன. பிரிக்கக் கூடாதுதான், பிரித்துவிட்டேன்.

ஸ்டெயினார் நவம்பரில் நோர்வேக்குப் போய்விட்டார். பெர்கனில் பெயின்ட் வேலை. முகவரி எழுதியிருக்கிறேன். மாதம் ஒரு முறை ஃபோன் செய்வார். "அக்கா எழுதினாங்களா?" என்று கேட்பார். "நீங்க எழுதுங்களேன்" என்றால் லைன் கட்டாகிவிடும்.

என் தூக்கத்தைப் பற்றி உங்கள் பழைய கடிதத்தில் எழுதியிருந்ததை அவர் மேஜையில் பார்த்தேன். அக்கா, நான் அப்போது நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். பழைய கடனே இருக்கட்டும், மெதுவாகத்தானே வளர்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னவள் நான். அதற்கு அவர், "அக்காவே வற்புறுத்துறா. வீட்டை ஈடா வச்சுக்கோன்னு அவளா சொல்றா. வேணாம்னா மனசு கஷ்டப்படுவா" என்றார். நீங்கள் சொன்னதாக நினைத்துத்தான் நானும் என் கையெழுத்தைப் போட்டேன்.

இப்போது தூக்கம் வருவதில்லை. சனிக்கிழமைகளில் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் அரசாங்கத்தை எதிர்த்து எல்லோரோடும் சேர்ந்து பாத்திரம் தட்டுகிறேன். நீங்கள் கல்யாணத்துக்குக் கொடுத்த வாணலிதான். அடிப்பக்கம் நசுங்கிவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

பிரின்டிஸ்


பெர்கன், மே 2011

அன்புள்ள அக்கா,

மகிழ்ந்தும் ஆசி பெற்றும் இரு. இப்படித் தொடங்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. உன் கடிதங்களை பிரின்டிஸ் எனக்கு அனுப்பினாள். படித்தேன். பதில் எழுதத் தாள் எடுப்பேன், தேதி போடுவேன், அவ்வளவுதான். இரண்டரை வருஷம் தேதி மட்டும் போட்டிருக்கிறேன்.

நான் நலம். ஐந்து பேர் ஒரு வீட்டில் இருக்கிறோம். இங்கேயும் மழைதான். இவர்கள் வீடுகளெல்லாம் மரம், சுரண்டச் சுரண்ட வேலை. மாதம் கொஞ்சம் வங்கிக்கு அனுப்புகிறேன். ஒருவரும் பதில் போடுவதில்லை. நம் ஊர்க்காரர் ஒருவர் இங்கே சொன்னார், "இரவல் அடமானம் வச்சவங்களை அரசாங்கம் தொட விடாதாம்." அதைக் கேட்டதும் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். மற்றவர்கள் ஏணியிலிருந்து விழுந்துவிட்டேன் என்று ஓடிவந்தார்கள்.

பிரின்டிஸ் உனக்கு ஏதாவது எழுதினாளா? எழுதியிருந்தால் என்ன எழுதினாள் என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

என் வீடு போனது போகட்டும். உன் வீடு அங்கே நிற்கிறது என்பதை நினைத்துத்தான் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறேன். ஆகஸ்டில் இரண்டு வாரம் லீவு கேட்டிருக்கிறேன். என் அறை அப்படியே இருக்கிறதா? இதோடு கொஞ்சம் நோர்வேப் பணம் வைத்திருக்கிறேன், வர்ணம் வாங்கி வை. யாராவது கைக்கு ஆள் கிடைத்தால் துருவைச் சுரண்டச் சொல், சலவை சோடா போட்டுக் கழுவி நன்றாகக் காயவிடச் சொல். ஈரத்தில் ஒரு பூச்சு அடித்தால் எல்லாம் வீண். இரண்டு பூச்சு. மீதியை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

உன் தம்பி ஸ்டெயினார்


திங்கேரி, ஜூன் 2011

அன்புள்ள பிரின்டிஸ்,

மகிழ்ந்தும் ஆசி பெற்றும் இரும்மா. ஸ்டெயினார் கடைசியில் எழுதிவிட்டான். அவன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் தபால்காரப் பெண்ணையே கட்டிப்பிடித்துவிட்டேன். பிறகு பிரித்துப் படித்தேன்.

உனக்கு நான் சொல்லாமல் இருந்ததைச் சொல்கிறேன். வீடு மார்ச்சில் போய்விட்டது. போன வருஷம் கோர்ட்டு, குரோனாவில் கொடுத்து யென் விலையோடு முடிச்சுப் போட்ட கடன்கள் செல்லாது என்று சொன்னபோது தொட்டியே ஆடிப்போகிற மாதிரி கத்தினார்கள். குத்யோனின் டிராக்டர் பிழைத்தது. நம் பத்திரத்தில் தொகையே யென்னில் எழுதியிருந்ததாம், அதனால் அது வேறு ரகமாம். ஏலத்தைத் தள்ளிப்போடக் கேட்டேன், மூன்று முறை தள்ளிப்போட்டார்கள், அதற்கு மேல் முடியாது என்றுவிட்டார்கள்.

ஏலத்தை அந்த வீட்டுக்குள்ளேயே நடத்த வேண்டும் என்பதுதானே நம் நாட்டுச் சட்டம். அரசு அதிகாரி ஒருவரும் வங்கியிலிருந்து ஒரு பெண்ணும் வந்தார்கள். நான்கு மணி நேரம் பனியில் வண்டி ஓட்டி வந்தவர்களுக்குக் காபி கொடுக்காமல் எப்படி இருப்பது? பான்கேக்கும் சுட்டு வைத்தேன். அப்பாவின் சாப்பாட்டு மேஜையில் தட்டை ஒதுக்கிவிட்டுக் காகிதங்களை விரித்தார்கள். வங்கிப் பெண் ஒரு தொகை சொன்னாள். அதிகாரி கூடம் முழுக்க ஒரு பார்வை பார்த்து, "வேற யாராவது கேக்குறீங்களா?" என்றார். இருந்தது நான் மட்டும்தான். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, பான்கேக் தட்டை நீட்டினேன். அவர் ஒன்று எடுத்துக்கொண்டு சுத்தியலைத் தட்டினார். வங்கிப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ரொம்ப மெத்துன்னு இருக்கு, என்ன போடுவீங்க?" என்று கேட்டாள். ஏலக்காய் என்றேன். அவர்கள் போன பிறகு பாத்திரம் கழுவும்போதுதான் அழுதேன்.

இப்போது குளத்துக் கட்டடத்தின் மேல் ஒரு அறையில் இருக்கிறேன். பழைய முகவரிக்கு வருகிற கடிதத்தைத் தபால்காரப் பெண் இங்கேயே கொண்டுவந்து தந்துவிடுகிறாள். வங்கியிடமிருந்து வீட்டை ரெய்க்யாவிக் பல் டாக்டர் ஒருவர் கோடை வீடாக வாங்கியிருக்கிறார். நல்ல மனுஷன், திமிர் இல்லை. இந்த வாரம் கூரைக்கு ஆள் போட்டிருக்கிறார்.

நாம் இருவரும் ஆளுக்கொரு பொய்யை நம்பித்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். என் தம்பி நம் இருவரையும் ஒருவர் பெயரைச் சொல்லி மற்றவரிடம் ஏமாற்றினான். அது உண்மை. அதற்காக அவனை என்றைக்கும் மன்னிக்க மாட்டேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் அந்த வீடு நிற்கிறதென்றுதான் காலையில் எழுந்திருக்கிறானாம். அதை எப்படி நான் பிடுங்குவது? நீயும் அவனிடம் சொல்லாதே. அவன் வர்ணத்துக்கு அனுப்பிய பணத்தை உனக்கு வைத்திருக்கிறேன். வாணலி வாங்கிக்கொள்.

ஹால்டோரா


திங்கேரி, ஜூலை 2011

அன்புள்ள தம்பி,

மகிழ்ந்தும் ஆசி பெற்றும் இரு. உன் கடிதம் கண்டதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. முட்டி பரவாயில்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும்தான் முனகுகிறது.

பிரின்டிஸ் எனக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து எழுதுவாள். நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா என்று கவலைப்படுகிறாள். வேறொன்றும் எழுதியதில்லை.

கூரைக்கு வர்ணம் அடித்தாயிற்று. நீ சொன்ன மாதிரியே முதலில் துருவைச் சுரண்டினார்கள், கழுவினார்கள், மூன்று நாள் வெயிலில் காயவிட்டார்கள். பிறகு இரண்டு பூச்சு. ஒரு இடத்திலும் அவசரப்படவில்லை. வேலை தெரிந்த ஆட்கள். நான் குளத்து ஜன்னலில் நின்று துண்டு மடித்தபடி முழுக்கப் பார்த்தேன். பச்சை இல்லை, சிவப்பு. கோபித்துக்கொள்ளாதே. முதலில் எனக்கும் கண்ணை உறுத்தியது. நேற்று மழை பெய்தது, மழைக்குப் பிறகு நன்றாகத்தான் இருந்தது. கப்பலில் வருகிறவர்களுக்கு ஃப்யோர்டு வாயிலிருந்தே தெரியுமாம். உன் அறை ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டிருக்கிறது, நீலக் கோடு போட்டது. உன் பணத்தில் ஒரு காசுகூட வீணாகவில்லை.

எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதே. முகவரி அதேதான்.

ஆகஸ்டில் வருவதாக எழுதியிருக்கிறாய். மலைப் பாதையில் தார் போடப்போகிறார்களாம், வண்டியெல்லாம் மணிக்கணக்கில் நிற்கும். குளத்தையும் பழுதுபார்க்க மூடுகிறோம், எனக்குக் கை ஒழியாது. விமானச் சீட்டும் இப்போது தீ விலை. வேண்டாம் தம்பி. இந்த வருஷம் வராதே.

கடவுள் உன்னைக் காக்கட்டும்.
உன் அக்கா ஹால்டோரா